'எனில்' என்ற சொல்லில் தடுக்கி நிற்கும் ஒரு மாணவிக்கு

கல்லூரியில் முதல் பருவத்தில் அளவையியல் (தருக்கம்) படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "'க எனில் ச' என்ற கூற்றில் க பொய்யாக இருந்தால் முழுக்கூற்றும் மெய் என்று மெய் அட்டவணையில் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பலகையில் நிரூபணம் எழுதும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. விடுதிக்குப் போய் நானாக எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. எனக்கு இந்தப் பாடம் வராதா?"

வரும். பகுதிகள் மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்து முழுக்கூற்று மெய்யா பொய்யா என்று வரிவரியாகக் காட்டும் அந்த அட்டவணை உங்களை உறுத்துகிறது என்பதே நீங்கள் யோசித்துப் படிக்கிறீர்கள் என்பதற்குச் சான்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்த இடத்தில் ஒருவர்கூடக் கை தூக்காத வகுப்பைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. தொடக்க ஆண்டுகளில் நானும் "அப்படித்தான் வரையறுத்திருக்கிறார்கள்" என்று சொல்லிக் கடந்து போயிருக்கிறேன். அது தவறு. பருவத்தின் பாதி நேரத்தை இந்த ஒரு சொல்லுக்குக் கொடுத்தாலும் தகும் என்று இன்று நினைக்கிறேன்.

உங்கள் உறுத்தல் புதியதும் அல்ல. இந்தச் சண்டைக்கு ஏறத்தாழ 2300 வயது. கிரேக்கத்தில் டயோடோரஸ் குரோனஸும் அவருடைய மாணவர் ஃபிலோவும் இதைப் பற்றித்தான் மோதிக்கொண்டார்கள். முன்பகுதி (க) மெய்யாகவும் பின்பகுதி (ச) பொய்யாகவும் இருக்கும்போது மட்டுமே 'எனில்' கூற்று பொய், மற்ற எல்லா நிலைகளிலும் மெய் என்றார் ஃபிலோ. உங்கள் பாடநூலின் அட்டவணை அப்படியே அவருடையதுதான். அது போதாது, அப்படி ஒரு நிலை எக்காலத்திலும் நேரவே கூடாது என்றார் டயோடோரஸ். எந்த 'எனில்' சரி என்று கூரைமேல் காகங்கள்கூடக் கரைகின்றன என்று கல்லிமாக்கஸ் என்ற கவிஞர் எழுதும் அளவுக்கு அந்த விவாதம் ஊரெங்கும் பரவியிருந்தது.

இப்போது விளக்கத்துக்கு வருவோம். வகுப்புகளில் வழக்கமாகச் சொல்வது வாக்குறுதி உதாரணம். "மழை பெய்தால் உன்னை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்" என்று அண்ணன் சொல்கிறான். மழை பெய்யவில்லை, அவனும் கொண்டுபோய் விடவில்லை. அவன் பொய் சொன்னான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே கூற்று மெய் என்று முடிப்பார்கள். நல்ல மாணவர்கள் இங்கே விடமாட்டார்கள். "பொய் சொல்லவில்லை என்பது சரி. அதனால் மெய் சொன்னான் என்று ஆகுமா? கூற்று சோதனைக்கே வரவில்லை என்றுதானே சொல்ல வேண்டும்?" என்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆகவே வாக்குறுதியை விட்டுவிட்டு எண்களுக்குப் போங்கள்.

"எந்த எண்ணை எடுத்தாலும், அது 4ஆல் வகுபடும் எனில் 2ஆல் வகுபடும்." இது மெய் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. 'எந்த எண்ணை எடுத்தாலும்' என்று சொல்லிவிட்டதால் ஒவ்வோர் எண்ணுக்கும் இது மெய்யாக இருந்தாக வேண்டும். 8ஐ எடுங்கள்: முன்பகுதி மெய், பின்பகுதி மெய். 6ஐ எடுங்கள்: 4ஆல் வகுபடாது, 2ஆல் வகுபடும். முன்பகுதி பொய், பின்பகுதி மெய். 5ஐ எடுங்கள்: இரண்டும் பொய். பொதுக்கூற்று மெய் என்று ஒப்புக்கொண்ட நீங்கள் 6, 5 ஆகிய எண்களுக்கு அது பொய் என்று சொல்ல முடியாது. சொன்னால் பொதுக்கூற்றே உடைந்துவிடும். முன்பகுதி மெய், பின்பகுதி பொய் என்ற ஓர் எண் மட்டும் கிடைக்காது. அந்த ஒரு நிலையைத்தான் இந்தக் கூற்று தடுக்கிறது. அட்டவணையின் நான்கு வரிகளும் இங்கிருந்து பிறக்கின்றன. யாரும் தம் விருப்பத்துக்கு வரைந்தவை அல்ல.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் மற்ற வழிகளைச் சோதித்துப் பாருங்கள். முன்பகுதி மெய்யாக உள்ள இரண்டு வரிகளில் யாருக்கும் சிக்கல் இல்லை. மீதி இரண்டு வரிகளை நான்கு விதமாக நிரப்பலாம். இரண்டிலும் பொய் என்று போட்டால் 'எனில்' என்பது 'மற்றும்' ஆகிவிடும். பின்பகுதி மெய்யாக உள்ள வரியில் பொய், மற்றதில் மெய் என்று போட்டால், 'எனில், எனில் மட்டுமே' என்ற இருவழிக் கூற்றாகிவிடும். மாற்றிப் போட்டால் க இருந்தும் இல்லாததுபோல் ஆகி, வெறும் ச மட்டும் மிஞ்சும். மூன்றும் வேறு வேலைக்குரியவை. 'எனில்' என்பதற்கு எஞ்சுவது நான்காவது ஒன்றுதான்: இரண்டிலும் மெய்.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் அன்றாடம் பேசும் 'ஆல்' எல்லாம் இந்த அட்டவணைக்குள் அடங்குவதில்லை. "சென்னை கேரளத்தின் தலைநகர் எனில் இரண்டும் இரண்டும் நான்கு" என்பது அட்டவணைப்படி மெய். ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பேச்சில் காரணம், தொடர்பு, எதிர்பார்ப்பு எல்லாம் கலந்திருக்கும். அட்டவணை அவற்றை உதறிவிட்டு, எல்லா 'எனில்'களிலும் குறைந்தபட்சமாக இருந்தாக வேண்டிய எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கணிதத்துக்கும் நிரலெழுதுவதற்கும் அது போதும். உங்கள் பாடத்தில் இது முழு மொழிக்கும் உரிய விதி என்பதுபோலச் சொல்லியிருந்தால், அந்தப் பகுதியை நம்பாதீர்கள்.

அடுத்து, ஏன் இவ்வளவு பேர் இங்கே சறுக்குகிறார்கள் என்பது. 1966இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். அதைத் தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரிவன: அ, ம், 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து எனில் மறுபக்கம் இரட்டைப்படை எண். விதி சரியா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்? மேலே படிக்கும் முன் ஒரு தாளில் விடையை எழுதுங்கள்.

பெரும்பாலோர் 'அ'வையும் 4ஐயும் சொல்வார்கள். சரியான விடை 'அ'வும் 7உம். 4இன் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். இப்படி எழுத்தும் எண்ணுமாகக் கேட்டால் சரியாகச் சொல்பவர்கள் பத்தில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. ஆனால் 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதே சோதனையை வேறு உடை போட்டுக் கேட்டார்கள். "ஒருவர் பீர் குடிக்கிறார் எனில் அவருக்கு 19 வயது கடந்திருக்க வேண்டும்." அட்டைகள்: பீர், கோக், 22 வயது, 16 வயது. 40 மாணவர்களில் 29 பேர் சரியாகச் சொன்னார்கள். பீர் குடிப்பவரின் வயதையும் 16 வயதுக்காரரின் கோப்பையையும் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு சோதனைகளின் வடிவமும் ஒன்றே.

என்னை மிகவும் உலுக்கியது இதற்குப் பிறகு வந்த ஓர் ஆய்வு. 1986இல் பட்ரிஷியா செங், கீத் ஹோலியோக், ரிச்சர்ட் நிஸ்பெட், லின்ட்சே ஆலிவர் ஆகியோர், ஒரு பருவம் முழுக்க அறிமுக அளவையியல் படித்த கல்லூரி மாணவர்களுக்குப் பாடத்துக்கு முன்னும் பின்னும் இவ்வகைச் சோதனைகளைக் கொடுத்தார்கள். சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. ஒரு பருவம் முழுதும் படித்தும் இல்லை! விதியை மட்டும் கற்றவர்களிடமும் பெரிய மாற்றம் இல்லை, எடுத்துக்காட்டை மட்டும் பார்த்தவர்களிடமும் இல்லை. விதியை எடுத்துக்காட்டின்மேல் பொருத்திக் காட்டியபோதுதான் முன்னேறினார்கள். இதைப் படித்த ஆண்டு என் பாடக்குறிப்புகளை முழுவதும் மாற்றி எழுதினேன்.

நம் மரபுக்கு இது தெரிந்திருந்தது என்று சொன்னால் பெருமை பேசுவதாக எண்ண வேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிப்பது அளவையியல்தான். இம்மலை நெருப்புடையது, புகையுடையதாதலால், அடுக்களை போல என்று அங்கே வாதம் நடக்கிறது. அந்த 'அடுக்களை போல' ஓர் அலங்காரம் அல்ல. எடுத்துக்காட்டு வாதத்தின் உறுப்பாகவே எண்ணப்பட்டது, அதற்குத் திட்டாந்தம் என்று பெயர். இந்தியத் தருக்க மரபில் எதிர்ப்பக்க எடுத்துக்காட்டும் கேட்பார்கள்: நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, குளத்தைப் போல. அடுக்களை என்பது 'அ' அட்டை. குளம் என்பது நாம் திருப்ப மறக்கும் 7. நவீன அளவையியலும் அந்த மரபும் ஒன்றல்ல, அவற்றின் நோக்கங்கள் வேறு. ஆனால் ஒவ்வொரு 'எனில்'லுக்கும் ஓர் அடுக்களையும் ஒரு குளமும் சொல்லிப் பார்க்கும் பழக்கத்தை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இன்றே தொடங்கலாம்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். குறியீடுகள் கடினம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. குறியீடுகளை இரண்டு நாளில் கற்றுவிடலாம். கடினமானவை சிறு சொற்கள்: ஆல், தான், உம், ஓ, ஆவது, அல்லது, ஆனால். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்போது மாணவர் ஆங்கில வாக்கியத்திலிருந்து நேரே குறியீட்டுக்குத் தாவுகிறார். அதன் பொருள் தமிழ் வழியாகவே மனத்தில் பதிகிறது என்பதை மறந்துவிடுகிறார். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமலே உங்களிடம் அளவையியல் இருக்கிறது.

பள்ளியில் எண்ணும்மை, முற்றும்மை என்று படித்திருப்பீர்கள். உங்கள் விடுதி அறையில் கயல், மீனா, நிலா என்று மூவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "கயலும் மீனாவும் நிலாவும் தூங்குகிறார்கள்." இது எண்ணும்மை, அதாவது 'மற்றும்'. "எல்லாரும் தூங்குகிறார்கள்." இது முற்றும்மை, அதாவது 'அனைத்துக்கும்' என்ற அளவுக்குறி (எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று காட்டும் குறி). இரண்டும் ஒரே செய்தி. தமிழ் இரண்டுக்கும் ஒரே உருபைத் தருகிறது. இனி மறுபக்கம்: "கயலோ மீனாவோ நிலாவோ கதவைத் திறந்து வைத்திருக்கிறாள்." "யாரோ கதவைத் திறந்து வைத்திருக்கிறாள்." 'அல்லது' என்பதற்கும் 'ஒருவராவது உண்டு' என்பதற்கும் மீண்டும் ஒரே ஓகாரம். அளவுக்குறி என்பது நீண்டுபோன 'மற்றும்', நீண்டுபோன 'அல்லது' என்பதைப் பாடநூல்கள் பாதிப் பருவம் கடந்து சொல்கின்றன. தமிழ் பேசும் குழந்தைக்கு அது இலக்கணத்திலேயே கிடைத்துவிடுகிறது. மறுப்பு விதியும் அப்படியே. "யாராவது வந்தார்களா?" என்று கேட்டால் "யாரும் வரவில்லை" என்கிறோம். மறுத்த உடனே 'ஆவது' போய் 'உம்' வந்துவிட்டது. ஒருவராவது உண்டு என்பதை மறுத்தால் ஒவ்வொருவரும் இல்லை என்றாகும் என்ற விதியை நீங்கள் தினமும் பிழையின்றிப் பயன்படுத்துகிறீர்கள்.

பிழை நேரும் இடமும் இதே 'உம்'தான். "எல்லா மாணவர்களும் வரவில்லை." ஒருவரும் வரவில்லையா? அல்லது வராதவர்கள் சிலர் உண்டு என்பதா? இரண்டு பொருளும் வரும். நன்னூல் இதைக் கவனித்திருக்கிறது: முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும் என்கிறது. 'எல்லாரும் வந்திலர்' என்றால் சிலர் வந்தனர் என்ற பொருளும் எஞ்சி நிற்கும் என்பது அதன் விளக்கம். இன்றைய பாடநூல் இதையே மறுப்பின் எல்லை என்று சொல்கிறது. மறுப்புக் குறி அளவுக்குறிக்கு வெளியே நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. வாக்கியத்தைப் பார்த்தவுடன் குறியீடு எழுதாமல், "எந்தப் பொருள்?" என்று கேட்டு இரண்டையும் தமிழில் விரித்து எழுதுங்கள். பிறகு குறியீடு தானாக விழும்.

'தான்' இன்னொரு கண்ணி. "படித்தால் தேர்ச்சி பெறுவாய்" என்பதும் "படித்தால்தான் தேர்ச்சி பெறுவாய்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது: படித்தாய் எனில் தேர்ச்சி. இரண்டாவது: தேர்ச்சி பெற்றாய் எனில் படித்திருக்கிறாய். ஒரு 'தான்', 'எனில்' என்பதற்குக் குறியீடாக எழுதும் அம்பைத் திருப்பிவிட்டது. "மழை பெய்தாலொழியப் பயிர் பிழைக்காது" என்பதும் அதே வகை: பயிர் பிழைத்தது எனில் மழை பெய்தது. தேர்வில் அதிக மதிப்பெண் இழப்பது இங்கேதான் என்று என் அனுபவத்தில் தயங்காமல் சொல்வேன். 'அல்லது' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடத்தில் வரும் 'அல்லது' இரண்டும் சேர்ந்து மெய்யாக இருப்பதையும் ஏற்கும். ஆதார் அட்டை அல்லது ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் உள்ளே வரலாம் என்றால், இரண்டும் வைத்திருப்பவரை யாரும் தடுப்பதில்லை. 'ஆனால்' என்பது 'மற்றும்'தான், ஏமாற்றம் மட்டும் கூடுதல்.

"ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரைப் பிடிக்கும்" என்பதில் எல்லாருக்கும் அதே ஆசிரியரா, ஆளுக்கொருவரா? இந்த வகை வாக்கியங்களை அரிஸ்டாட்டிலின் முறையால் பிரித்துக் காட்ட முடியவில்லை. 1879இல் ஜெர்மனியில் கோட்லோப் ஃப்ரெகே உருவாக்கிய குறியீட்டு முறைதான் அதற்கு வழி திறந்தது. அளவுக்குறிகளின் வரிசை ஏன் முக்கியம் என்று உங்கள் ஆசிரியர் வலியுறுத்துவதற்கு இதுதான் பின்னணி.

இனி உங்கள் இரண்டாவது துயரம்: பலகையில் புரிகிறது, தாளில் வரவில்லை. காரணம், பலகையில் முடிந்த நிரூபணத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறீர்கள். ஆனால் அதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் கீழிருந்து மேலாகத்தான் யோசித்திருப்பார். அந்த யோசனை பலகையில் தெரியாது. 1934இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் கென்ட்சனும் போலந்தில் ஸ்டனிஸ்வாஃப் யாஸ்கோவ்ஸ்கியும் தனித்தனியே வகுத்த இயல்பு நிரூபண முறைதான் இன்று பெரும்பாலான கல்லூரிகளில் ஏதோ ஒரு வடிவில் நடத்தப்படுகிறது. மனிதர் இயல்பாக வாதிடும் விதத்தை ஒட்டி அமைந்ததால் அந்தப் பெயர்.

ஒன்றைச் சேர்ந்து செய்வோம். தரப்பட்டது: க எனில் ச. காட்ட வேண்டியது: ச இல்லை எனில் க இல்லை. தாளின் அடியில் காட்ட வேண்டியதை எழுதுங்கள். அது 'எனில்' கூற்று. அப்படியானால் முன்பகுதியைக் கருதிக்கொள்ளலாம். எனவே மேலே, சற்று உள்தள்ளி, "ச இல்லை என்று கருதுவோம்" என்று எழுதுங்கள். இப்போது மீதி வேலை 'க இல்லை' என்பதை அடைவது. அது மறுப்பு. மறுப்பை அடைய எதிரானதைக் கருதி முரண்பாட்டுக்குப் போக வேண்டும். இன்னும் உள்தள்ளி "க என்று கருதுவோம்" என்று எழுதுங்கள். க இருக்கிறது, 'க எனில் ச' தரப்பட்டிருக்கிறது, ஆகவே ச. ஆனால் ச இல்லை என்று மேலே கருதியிருக்கிறோம். முரண்பாடு. ஆகவே க இல்லை. உள்கருதலை மூடுங்கள். வெளிக்கருதலையும் மூடுங்கள். முடிந்தது. இதில் எந்த இடத்திலும் சாமர்த்தியம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அடைய வேண்டிய கூற்றின் முதன்மை இணைப்புச் சொல் எதுவோ அதுவே அடுத்த அடியைச் சொல்லிவிட்டது. தொடக்கப் பாடத்தின் பெரும்பாலான கணக்குகள் இப்படித்தான். தரப்பட்டதில் 'அல்லது' இருந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியே போய், இரண்டிலும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். அவ்வளவுதான்.

கருதல் என்பது இரவல் வாங்கிய பொருள். திருப்பிக் கொடுத்த பிறகு அதை உங்களுடையது என்று காட்ட முடியாது. மேலே உள்கருதலுக்குள் கிடைத்த ச, அது மூடப்பட்ட பிறகு பயன்படாது. நான் திருத்தும் விடைத்தாள்களில் மிகுதியாகச் சிவப்பு மை விழுவது இந்தப் பிழையின்மேல்தான். உள்தள்ளி எழுதும் பழக்கம் இதைத் தடுக்கும். சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரே வழி: தீர்த்த கணக்கை ஒருமுறை படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெற்றுத் தாளில் எழுதுங்கள், மறுநாள் காலை மீண்டும் எழுதுங்கள். பத்துக் கணக்குகளைப் பார்ப்பதைவிட இரண்டை இப்படிச் செய்வது மேல். கணினியில் நிரூபணத்தைச் சரிபார்க்கும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. தாளில் முடித்த பிறகு அவற்றில் இட்டுப் பாருங்கள். முதலிலேயே திறந்தால், பச்சை நிறம் வரும்வரை பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தும் பழக்கம் வந்துவிடும்.

'செல்லுபடியாகும்' என்பதையும் 'மெய்' என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தரப்பட்டவை மெய் எனில் முடிவு பொய்யாக முடியாது என்பதுதான் செல்லுபடி. "மீன்கள் எல்லாம் பறக்கும், சுறா மீன், ஆகவே சுறா பறக்கும்" என்பது செல்லுபடியாகும் வாதம், முடிவு பொய் என்றாலும். "பசுக்கள் எல்லாம் பாலூட்டிகள், ஆடுகள் எல்லாம் பாலூட்டிகள், ஆகவே எந்தப் பசுவும் ஆடு அல்ல" என்பதில் மூன்று வாக்கியங்களும் மெய், வாதம் செல்லாது. ஆடுகளுக்குப் பதில் காராம்பசுக்களைப் போட்டுப் பாருங்கள், உடைந்துவிடும். போலிகளின் (சரிபோலத் தோன்றும் தவறான வாதங்களின்) பட்டியலுக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம். பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள் எதிராளியின் வாதத்தைக் கேட்காமலே அவற்றை எடுத்து வீசுவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன்.

இந்த வாரத்துக்கு ஐந்து வாக்கியங்கள் தருகிறேன். ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் விரித்து, பிறகு குறியீட்டில் எழுதுங்கள். பதிவு செய்தால்தான் அனுமதி. எல்லாப் பஸ்களும் நிற்கவில்லை. யாராவது பாடினால் எல்லாரும் கைதட்டுவார்கள். ஒவ்வொரு பூட்டையும் ஏதோ ஒரு சாவி திறக்கும். ஏதோ ஒரு சாவி ஒவ்வொரு பூட்டையும் திறக்கும். கடைசி இரண்டில் ஒன்றிலிருந்து மற்றதை நிரூபிக்க முடியும், எதிர்த்திசையில் முடியாது. எது எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, முடிகிற திசைக்கு நிரூபணமும், முடியாத திசைக்கு இரண்டு பூட்டும் இரண்டு சாவியும் கொண்ட ஒரு படமும் வரைந்து வையுங்கள்.